நாய்க்காரரின் கொஞ்சல்

என் சின்னத் தங்கை வாழ்க்கைப்பட்டது ஒரு நாய்க்காரருக்கு. நாய் வளர்ப்பவர் அல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் சித்தப்பாவின் மைத்துனர் கொண்டுவந்த சம்பந்தம்.

அங்கே நாயின் தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவரைச் சுரண்டிவிடுவார்கள். அப்புறம் அது எப்படி ஆறுகிறது என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கு ஒரு வாரம், இன்னொன்றுக்கு மூன்று மாதம் என்று கூண்டில் தேதி தொங்கும். புண் உள்ளே இருப்பதால் ஆறினது வெளியே தெரியாதாம். தேதி வந்ததும் நாயைத் தீர்த்துவிட்டு, குழாயை வெட்டியெடுத்துத்தான் பார்ப்பார்கள்.

நாய் மிரண்டால் ரத்த அழுத்தம் எகிறி அவர்கள் கணக்கு கெட்டுவிடும். மிரளாமல் வைத்திருப்பதுதான் இவர் வேலை. "வாடி என் தங்கம், பயப்படாதடி" என்பார். எப்பேர்ப்பட்ட நாயும் காலடியில் வந்து படுக்கும்.

வீட்டில் அந்தக் குரல் கிடையாது. "ஏய்" தான். உப்பு கூடினால் தட்டு பறக்கும். பதினோரு வருஷம் பொறுத்தவள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நாய்கிட்ட பேசுற மாதிரி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னங்க?"

"நாலு கால்ல நட, பேசுறேன்."

என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எப்படி ஏங்கினாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குந்தியிருந்தார். பழுப்பு நிறப் பெட்டை நாய் ஒன்று. மூன்று மாதத் தேதி அன்றைக்கு. துள்ளிக்கொண்டு நின்றது.

"வாடி என் தங்கம், பயப்படாதடி."

வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் தாடையை வைத்தது. ஒரு கையால் தடவிக்கொண்டே மறு கையால் அதன் முன்னங்காலை நீட்டிப் பிடித்தார். டாக்டர் ஊசி போட்டார். தலை கனத்துத் தொங்கும்வரை தடவினார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "அடுத்தது எது சார்?" என்றார்.

அன்று மாலை அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெட்டையின் குழாய் தழும்பே இல்லாமல் ஆறியிருந்ததாம். டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"வாடி என் தங்கம். பயப்படாதடி."

என் தங்கை அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏன்டி, நீதானே கேட்டே?"

"வேணாங்க. ஏய்னே கூப்பிடுங்க."

இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருக்கும் அதுதான் வசதி.