அண்ணாவின் மண்ணும் மாமியின் கும்பமும்

இரண்டு மண்ணைக் கலந்து விதைத்த பயறு ஒரு சாணுக்கு வளர்ந்தால், அதில் எந்த மண் நல்ல மண்? உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

வவுனியாவுக்கு அப்பால் அண்ணா இரண்டு ஏக்கரில் மிளகாயும் உழுந்தும் செய்கிறார். சில வருடங்களுக்கு முன் மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போன பிறகு, காணியின் பாதியில் மட்டும் பயிர் வரிசைகளுக்கு இடையே சீமைக்கிளுவையும் முருங்கையும் தேசி எலுமிச்சையும் நட்டார். கிளுவைக் குழையை வெட்டி வெட்டி மண்ணில் உரமாகப் பரப்புவார். உரம் கிடைக்காத வருடத்தில் மிளகாய் சரிவராமல் போக, முருங்கைக்காயும் தேசிக்காயும்தான் வீட்டைக் கொண்டுபோயின. ஆனால் அண்ணி கண்டது நிழலை மட்டும். "மரத்துக்குக் கிட்ட நிக்கிற மிளகாய்க் கண்டெல்லாம் நித்திரை தூங்குது. மரந்தான் வளர்க்கப் போறியள் எண்டால் வன இலாகாவிலை வேலை எடுங்கோ" என்பது அவவின் கட்சி.

இந்த முறை மழைக்கால விதைப்பான காலபோகத்துக்கு முன் மரங்களைத் தறித்து ஏற்ற லொறி பேசியாகிவிட்டது. கடைசி நேரத்தில் அண்ணாவுக்கு மனம் கேட்கவில்லை. மரத்தடி மண் வெளி மண்ணைவிட உண்மையிலேயே திருந்தியிருக்கிறதா என்று படித்தவர்கள் யாராவது சொன்னால் அதன்படி செய்வேன் என்றார். அங்கேயே விவசாய அலுவலர் இருக்கிறாரே என்று நான் சொல்லியிருக்கலாம். "அனுப்புங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டேன்.

மண் பஸ்ஸில் விடியற்காலை, நான் இருக்கும் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது.

"அக்கா, உள்ளுக்கை என்ன? இந்தப் பாரம்!" என்றார் கொண்டக்டர்.

"மண்."

"மண்ணோ? கொழும்பிலை மண் இல்லையோ?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் நாலாம் மாடியிலிருந்து காலி வீதி வரைக்கும் ஓடு, சீமெந்து, தார். "இல்லை" என்றேன்.

இரண்டு பைகள். ஒன்றில் "மரம்", மற்றதில் "வெளி" என்று அண்ணா எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைத் தண்ணீர்க் கிளாசில் போட்டுப் பார்ப்பது என் திட்டம். நல்ல மண் கட்டி உடனே கரையாது. ஆனால் மகளுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள். மண்ணில் என்னென்ன முட்டைகள் இருக்குமோ என்று ஃபோனில் தேடிப் பயந்து, பைகளை இறுக்கிக் கட்டி பல்கனியில் வொஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தேன். அன்றே அவளுக்குக் காய்ச்சல். மண்ணாலோ? பையை அவிழ்க்கவே இல்லையே. அவிழ்க்காமலும் வருமோ? மூன்று நாள் அதே யோசனை.

நாலாம் நாள் காலை நவராத்திரி தொடக்கம். காய்ச்சல் விட்டு மகள் தூங்க, வெளியே வந்து பார்த்தால், எங்களோடு இருக்கும் என் கணவரின் அம்மா, மாமி, கும்பம் வைத்து முடித்திருந்தார். கும்பத்துக்குக் கீழே தாம்பாளம் நிறைய மண், அதில் நவதானியம்.

"நல்ல பிள்ளை" என்றார். "போன வருஷம் கடை மண்ணிலை ஒரு பயறும் முளைக்கேல்லை. நான் கேக்காமலே ஊர் மண் எடுப்பிச்சிருக்கிறாய். ரெண்டு பையையும் கலந்து அரிதட்டிலை அரிச்சுப் போட்டன்."

கலியாணமாகி மூன்று வருடத்தில் மாமி என்னை நல்ல பிள்ளை என்றது அதுதான் முதல் தடவை. எப்படி மறுப்பது?

"கட்டி ஒண்டாவது மிச்சம் கிடக்கோ மாமி?"

"எல்லாம் உடைச்சாச்சு. மண்புழு மூண்டு கிடந்தது. செக்கியூரிட்டி ஐயாட்டைக் குடுத்து, கீழை பூச்சாடியிலை விடச் சொன்னனான். விரத நாளிலை உயிரைக் கொல்லக் கூடாது."

"எந்தப் பையிலை கிடந்தது?"

"புழுவிட்டை விலாசம் கேக்கிறதே?"

என் சோதனையின் கடைசிச் சாட்சிகளும் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டன. வைத்த கும்பத்தை விஜயதசமிக்கு முன் அசைக்க முடியாது. மரம் ஏற்ற லொறி வருவதோ அதற்கு முதல் நாள்.

நவராத்திரி ஏழாம் நாள் அண்ணா ஃபோன் எடுத்தார். "என்ன மாதிரி, ஏதும் தெரிஞ்சுதோ?"

"இன்னும் பூசையிலை இருக்கு அண்ணா."

"எது பூசையிலை இருக்கு?"

மாமி ஃபோனைப் பறித்தார். "தம்பி, உங்கட மண்ணிலை பயறு ஒரு சாணுக்கு நிக்குது. அம்பாள் ஏற்ற மண்!"

"மரத்தடி மண்ணோ மாமி?"

மாமியின் மற்றக் கையில் மணி. பூசைக்கு நேரமாகிவிட்டது. "ஓம், ஓம்" என்றுவிட்டு ஃபோனை வைத்தார்.

அண்ணா அதை ஆமென்று எடுத்துக்கொண்டு லொறியை வர வேண்டாம் என்றுவிட்டார். அண்ணிகூட ஒத்துக்கொண்டுவிட்டாவாம். அம்பாளோடு யார் வழக்காடுவது? "உன்ரை உயிரியலைவிட அம்மான்ரை கும்பம் கெதியாய் முடிவு சொல்லிச்சு" என்று என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளிச்சம் குறைந்த மூலையில், ஈரப் பஞ்சில் போட்டால்கூடப் பயறு அப்படித்தான் நெட்டையாக வளரும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே மழை தொடங்கிவிட்டது. அண்ணா மரங்களுக்கு இடையே நாற்று நட்டுவிட்டார். இந்த முறையும் மிளகாய் சரிவராவிட்டால் மரங்கள் போவது உறுதி. அதற்குப் பிறகு வீட்டில் அண்ணாவின் பேச்சும் எடுபடாது. மண் கலந்த கதையை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மனம் உடைந்து அரைகுறையாக வேலை செய்வாரோ? சொல்லாவிட்டால் பழி அம்பாளுக்கோ, மாமிக்கோ? இதை வாசிப்பவர்களில் மரங்களுக்கு நடுவே மிளகாய் செய்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நிழல் விழாதபடி கிளுவையை எப்போது, எவ்வளவு வெட்ட வேண்டும்? அதோடு, உண்மையை அண்ணாவிடம் அறுவடைக்கு முன் சொல்வதா, பின் சொல்வதா?