நாத்தனார் வீட்டு நாயின் பால் பல்

கடையில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கும் வேலையில் அவளுக்குப் பதினொரு வருஷம். கையில் இருக்கும் கத்தரியைப் பார்த்து வைத்த பெயர் அது என்று அவளே நம்பியதில்லை. நாயிடம் பேசும்போது மட்டும்தான் அவள் குரல் இறங்கும்.

வீட்டில் மாடிப் பகுதி அவளுக்கும் கணவனுக்கும். கீழே கணவனின் தங்கையும் அவள் புருஷனும். நாத்தனாரோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய் இரண்டு வருஷம். ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் நடுவே, "எங்க அண்ணிக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? நாய்க்குப் பின்பக்கம் கழுவிவிடுறாங்க" என்று நாத்தனார் சொல்லிச் சிரித்தாள். கத்தரி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் வாயையும் கழுவிவிடலாம்னுதான் பாக்குறேன். கடையில அவ்வளவு சோப்பு இல்ல" என்றாள். அன்றோடு சரி. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நகர்வார்கள்.

அந்த நாத்தனார்தான் ஒரு பொமரேனியன் குட்டி வாங்கினாள். கைப்பைக்குள் அடங்குகிற அளவு. ஏழாம் மாசம் அதன் முடி சிக்குப் பிடித்தபோது அண்ணனிடம் நீட்டினாள். "நீயே கடைக்குக் கொண்டு போண்ணே. நான் அங்க வந்து நிக்க மாட்டேன்."

மேசையில் நிற்கவைத்து மோவாயைச் சீவும்போதே நாற்றம் அடித்தது. கத்தரி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நாலு கோரைப் பல் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. விழுந்திருக்க வேண்டிய பால் பற்கள் ஊசிபோல நின்றன. ஒட்டினாற்போல் புதுப் பற்கள். இடுக்கெல்லாம் முடியும் பழைய சாப்பாடும். கீழ்த்தாடையில் புதுப் பற்கள் இடமில்லாமல் உள்பக்கமாக முளைத்து, வாயை மூடும்போதெல்லாம் மேல் அண்ணத்தில் குத்தின. அங்கே இரண்டு சிவந்த குழிகள்.

"சின்ன ஜாதி நாய்க்கு இது நிறைய வரும். தானா விழாது. மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் எடுக்கணும்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

அவன் சொன்னான். சொன்ன கையோடு நாத்தனார் மாடியேறி வந்தாள்.

"முடியை வெட்டச் சொன்னா முடியை வெட்டணும். என் நாய் வாயில உங்களுக்கு என்ன வேலை?"

"நாத்தம் அடிச்சுது, பாத்தேன்."

"நான் வாங்கினதுல குறை கண்டுபிடிக்கலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே!"

"அதுக்கு அண்ணத்துல ஓட்டை விழுந்தப்புறம் நீயே வருவ" என்று கத்தரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் கீழேயிருந்து ஒரு அலறல். கத்தரி இறங்கி ஓடினாள். நாத்தனாரின் புருஷன் கையில் ஒயர் முறுக்கும் குறடு. "ஆடுற மாதிரி இருந்துச்சு, இழுத்துப் பாத்தேன்" என்றான். குறட்டின் நுனியில் அரைப் பல். குட்டி சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தது. மோவாயெல்லாம் ரத்தம்.

கத்தரி தரையில் படுத்து, கையை விட்டு, துண்டில் சுற்றி எடுத்தாள். நாத்தனார் வாசலை மறித்தாள்.

"கீழ விடுங்க. அது என் நாய்."

"உன் நாய்தான். உள்ள முறிஞ்சு கிடக்குற வேரும் உன்னுதுதான். நகரு."

இடித்துக்கொண்டே வெளியேறினாள்.

கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பால் பல்லின் வேர் மெல்லிசாகவும் நீளமாகவும் இருக்கும், அதனால்தான் பாதியில் முறிந்திருக்கிறது, அப்படியே விட்டால் சீழ் கட்டும் என்றார். இன்றைக்கே எடுத்துவிடலாம், ஆனால் மயக்கம் கொடுக்க வளர்ப்பவர் கையெழுத்து வேண்டும். கத்தரிக்கு வேறு வழியில்லை. கணவனுக்குப் போன் போட்டாள். அரைமணி நேரத்தில் அவன் வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையிடமே நடந்ததைக் கேட்டுவிட்டுத் தங்கையைக் கூட்டி வந்தான்.

"இந்தப் பல்லை யாரு இழுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நாத்தனார் கண்கூடச் சிமிட்டவில்லை. "எங்க அண்ணிதான். நாய்க்கடையில வேலை பாக்குறாங்கள்ல, எல்லாம் தெரியும்னு நினைப்பு."

கத்தரிக்குக் காது மடல் வரை சுட்டது. அவள் கடைக்குப் பாதிப் பேரை அனுப்புவதே இந்த டாக்டரம்மாதான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை வெவரமானவங்கன்னு நினைச்சேன். இதையா செய்வீங்க?"

இப்போது சண்டை கிளம்பினால் நாத்தனார் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று கத்தரிக்குத் தெரியும். வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றாள். கணவன் தரையைப் பார்த்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். உதவியாளர் குட்டியை உள்ளே கொண்டுபோனாள். கதவு மூடியதும் கத்தரி நிமிர்ந்தாள்.

"இப்ப சொல்றேன் டாக்டரம்மா. இழுத்தது இவ புருஷன். குறடு இன்னும் அவங்க வீட்லதான் கிடக்கு. நான் பொய் சொன்னா என் முகத்துலயே சொல்லட்டும், இதோ நிக்கிறாரே இவ அண்ணன்."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். அவன் தங்கை பக்கம் திரும்பாமல், "மாப்பிள்ளைதான் இழுத்தாரு" என்றான்.

நாத்தனார் முகம் செத்துப்போயிற்று. "கையெழுத்து வாங்குறவரைக்கும் ஊமை மாதிரி நின்னீங்களே! எவ்வளவு நஞ்சு உங்களுக்கு!" என்று கத்திவிட்டு வெளியே போனாள்.

முறிந்த வேரும் மற்ற மூன்று பால் பற்களும் வந்துவிட்டன. பத்து நாள் குழைவான சாப்பாடு. இடம் கிடைத்ததும் கீழ்ப் பற்கள் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்தன. இரண்டு மாசத்தில் அண்ணத்துக் குழிகள் ஆறின.

மனுஷர்கள் ஆறவில்லை. டாக்டர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று நாத்தனார் உறவு முழுக்கப் போன் போட்டாள். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இரும்புக் கேட் போட்டு அவள் பக்கமே பூட்டிக்கொண்டாள். மாடிக்காரர்கள் பின்புற இரும்பு ஏணியில் ஏறி இறங்க வேண்டியதாயிற்று. கணவனோடும் கத்தரி ஒரு மாசம் பேசவில்லை.

"நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா கேட்டைத் திறந்திடுவா" என்றான் ஒருநாள்.

"அங்க நீங்க முதல்லயே வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. இப்ப ஏணியில ஏறுங்க" என்றாள் அவள்.