நீலச் சுவரில் தீர்ப்புக்கு நின்ற பிராது

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார் அத்தான். நாலு பேர் பேச்சைச் சேர்த்துவைத்து ஓயாமல் பேசுகிறவள் நான். ஆனால் இந்த ஓராண்டாக மனசு மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. அழுகைகூட வரவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு மூத்தவராகப் பிறந்தார். அப்பா இறந்தபோது எட்டாம் வகுப்பை விட்டுவிட்டு நூல் மில்லுக்குப் போனார். என்னையும் தம்பியையும் ஆளாக்கியது அந்த உழைப்புதான். மணமாகித் திண்டுக்கல் வந்த பிறகும் எங்களை விடவில்லை. "நீங்க வேலைக்குப் போங்க, பிள்ளைகளை எங்கிட்ட விடுங்க" என்று மே மாதம் முழுக்க எங்கள் பிள்ளைகள் நால்வரையும் வைத்துக்கொள்வார்.

வெயிலில் வெளியே விட முடியாது. உள்ளே இருந்தால் சண்டை. "பெரியம்மா, இவன் என் மாம்பழத்தத் தின்னுட்டான்!" என்று அம்புட்டுக் கூப்பாடு. அக்கா ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கிவந்தார்.

"வாயால சொன்னா எனக்குக் காது கேக்காது. பிராதைச் சுவத்துல எழுது. வெளக்கு வச்சதும் தீர்ப்பு."

கூடத்து நீலச் சுவர் கோர்ட் ஆயிற்று. பிராது எழுதவும், சாட்சி பிடிக்கவும், எதிர்ப் பிராது போடவுமே பகல் ஓடிவிடும். "பழம் தின்னவன் நாளைக்குக் கொட்டைய மட்டும் சப்பணும்" என்று தீர்ப்பு வரும். மறுநாள் காலையில் பிராது கொடுத்தவரே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு மத்தியானம், நெஞ்சு கரிக்கிறது என்று அக்கா படுத்தார். ஏழு வயதான என் சின்னவள் பல்லாங்குழி ஆடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுவரில் எழுதினாள்: "பெரியம்மா விளையாட வர மாட்டேங்குது."

விளக்கு வைப்பதற்குள் அக்கா இல்லை.

பதினாறாம் நாளுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார். சின்னவள் சுவரை மறித்து நின்றாள்.

"தள்ளு பாப்பா, செத்த நேரத்துல முடிச்சிருவேன்."

"தீர்ப்பு வரல. அடிக்கக் கூடாது."

தூக்கப் போனேன். என் காதில் சொன்னாள்: "நான் எழுதுனதாலதானம்மா பெரியம்மா செத்துப்போச்சு?"

அத்தனை நாளும் அவள் ஏன் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அத்தானிடம் போய், அவள் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அத்தான் எழுந்து வந்தார். அதிகம் பேசாதவர். சாக்பீஸ் எடுத்து, பிராதுக்குக் கீழே எழுதினார்: "பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியல. அதான் வரல. பிள்ளை மேல தப்பு இல்ல."

அவள் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தாள்.

"நெசமாவா பெரியப்பா?"

"கோர்ட்டுல யாராச்சும் பொய் எழுதுவாகளா ஆத்தா?"

சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம் திரும்பி, "காலையிலதான் தொடைக்கணும்" என்றாள். "சரி தாயி, நாளைக்கு வாரேன்" என்று அவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போனார். காலையில் சின்னவளே துடைத்தாள். அன்று தட்டில் வைத்த இட்லியை முழுதும் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய அண்ணனுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஒரு நாள் பொறுத்து வந்து அந்தச் சுவருக்குப் பழைய நீலத்தையே அடித்துத் தந்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மே மாதமும் பிள்ளைகள் அங்கேதான். நேற்றுச் சின்னவளின் பிராது: "பெரியப்பா பல்லாங்குழில கள்ளாட்டம் ஆடுறாரு."

விளக்கு வைத்ததும் அத்தான் கீழே எழுதினார்: "உண்மை."

— தங்கை