கார் உள்ள கேத்தரின்

பஸ் நகர்வதற்குள் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் இலவச டிக்கெட்டை இரண்டாக மடித்து, கவரிங் வளையலுக்கு அடியில் செருகிக்கொள்கிறார் கேத்தரின். மற்ற பெண்கள் இறங்கும்போதே எறிந்துவிடுவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். "ஒரு கேள்வி கேக்காம குடுக்குறாங்க பாருங்க, அந்த மரியாதைக்கு" என்பார்.

பாலக்கரையில் ஒற்றை அறை வீடு. கணவர் இறந்து பத்து வருடம். புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, குஞ்சம் கட்டி, ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கிறார். மிஷினை மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கிவிட்டது. இனி மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மோட்டார் மாட்டினால்தான் பிழைப்பு. அதற்கு, அரசாங்கம் பெண்களுக்கு மாதாமாதம் தரும் ஆயிரம் ரூபாயை நம்பியிருந்தார். வந்ததோ மறுப்பு. காரணம்: நான்கு சக்கர வாகனம் உள்ளது.

உள்ளதுதான். அக்கா கை ராசியான கை என்று தம்பி பிரிட்டோ தன் டாக்ஸியை அவர் பேரில் பதிந்து, ஓசூருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி வாங்கிய அன்றைக்கு ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தபோது கதவைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, அக்கா அதில் ஏறியதே இல்லை.

பக்கத்து வீட்டு மகாலட்சுமிக்குப் பணம் வருகிறது. குழாயடியில் தினமும் இதே வழக்குதான்.

"எல்லாருக்கும் குடுத்துட்டா என்னவாம்? பஸ்ல ஏறுறவகிட்ட வீட்ல கார் இருக்கான்னா கேக்குறாங்க?"

"நகைக்கடைக்காரர் சம்சாரத்துக்குமா குடுக்கச் சொல்றீங்க?"

"வாங்கிட்டுப் போகட்டுமே. எனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"அக்கா, இருக்கிறத எல்லாருக்கும் பிரிச்சா எனக்குப் பாதிதான் வரும். புள்ளைங்க டியூஷனுக்கு நீங்களா குடுப்பீங்க?"

இதற்கு மட்டும் கேத்தரின், "நாளைக்குச் சொல்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். மறுநாள் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மறுபடி மனுக் கொடுத்ததில், போன வாரம் ஓர் இளம்பெண் அதிகாரி விசாரிக்க வந்தார். "பழைய புடவையக் கட்டுங்கக்கா, அந்தச் செயினக் கழட்டுங்க" என்று காலையிலிருந்தே கெஞ்சினார் மகாலட்சுமி. கேத்தரின் கேட்டால்தானே! இல்லாதவள் மாதிரி நின்று காட்டுவதென்றால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். ஈஸ்டருக்கு எடுத்த புடவை, கழுத்தில் பளபளவென்று கவரிங் செயின், மகாலட்சுமி வீட்டிலேயே இரவல் வாங்கிய கண்ணாடி டம்ளரில் ரோஸ் மில்க்.

அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். "கார் எங்கம்மா நிக்குது?"

கேத்தரின் பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். கட்டில் முழுக்க டிக்கெட். "கார் வச்சிருக்கவ இத்தன தடவ பஸ்ல போவாளா? நீங்களே சொல்லுங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, செல்போனை எடுத்தார். "வாசல்ல நில்லுங்கம்மா, ஒரு போட்டோ. மேல இருக்கவங்க அதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, மகாலட்சுமி தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டு ஜாடை காட்டினார். கேத்தரினுக்கு நன்றாகவே புரிந்தது. கை கழுத்துக்குப் போயிற்று. செயின் கொக்கியைத் தடவினார். பிறகு முந்தானைக்குள் போயிருந்த சிலுவை டாலரை வெளியே எடுத்து, நடுவில் வரும்படி நேராக்கிவிட்டு, செல்போனைப் பார்த்துச் சிரித்தார்.