கிராபிக்ஸ் கார்டு யாருக்கு?

கோவிந்தாபுரத்தைச் சுற்றி நடக்கும் கல்யாணங்களை என் கணவர் படம் பிடிப்பார். அதை வெட்டி ஒட்டி வீடியோவாக்குவது நான். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக ஒன்று வாங்க இருவரும் கொல்லங்கோட்டுக் கடைக்குப் போனோம்.

எந்த புராசஸர், எவ்வளவு ராம் என்று நான்தான் சொன்னேன். கடைக்காரர் பதிலை மட்டும் என் கணவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏனுங்க, கல்யாண வீடியோவுக்கு இத்தனை பெரிசு எதுக்குங்க? இது கேம் ஆடறவங்க வாங்கறது. பையனுக்குங்களா?"

"ஆமாங்க" என்று கணவர் முந்திக்கொண்டார். எங்கள் மகன் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டான். அவனுக்கு ஒரு பந்து போதும்.

எடிட்டிங்குக்கும் இது உதவும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. வீட்டில் அதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் சமாளித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"பையனுக்கு இல்லீங்க. எனக்கு. நாந்தான் கேம் ஆடறேன்."

கணவர் என் காதருகே குனிந்தார். "ஏம்புள்ள, நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"இப்ப நான் சொன்னதையே சொல்லுங்க."

கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது. முகூர்த்தம், பந்தி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்த பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன். வாசலில் யாராவது என்னைத் தேடி வந்தால் கணவர்தான் பதில் சொல்கிறார்:

"உள்ள கேம் ஆடிட்டு இருக்கறாளுங்க."

அவர் குரலில் இன்னும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. இருக்கட்டும். எனக்கு இல்லை.