அரசமரத்துக் குக்குறுவான்

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முதலில் பைனாகுலரைத் துடைப்போம், அப்புறம்தான் பானையைக் கழுவுவோம். பண்டிகையின் நான்கு நாளும் யார் அதிக வகைப் பறவைகளைக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் போட்டி. ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டக் கூடாது. குரல் மட்டும் கேட்டாலும் எழுதிக்கொள்ளலாம்.

எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். காரணம் என் காது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் இருவருக்கும் வேலை. சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைச் சத்தத்திலேயே பிரித்துவிடுவேன். அவர் நிற்பது மண் அரைக்கும் உருளைகளுக்குப் பக்கத்தில். அங்கே பேசுவதென்றால் கத்த வேண்டும்.

போன வருடம் இரண்டு பறவை வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். நான் குரலால் பிடித்தவை அத்தனையும் அவர் நோட்டிலும் இருந்தன. எப்படியோ என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்றே நினைத்தேன். வருடம் முழுக்க அதை மனதில் வைத்திருந்தேன்.

இந்தத் தை பிறந்ததும் திட்டக்குடிப் பக்கம் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். பனி இறங்கித் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நாமக்கோழிகள் ஒவ்வொன்றாக வந்தன, திரும்ப அதற்குள்ளேயே போயின. ஒரு நாரை நிற்கிறதா மிதக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க நானே பாதி கரைந்துவிட்ட மாதிரி இருந்தது. எதற்கு வந்தோம் என்பதுகூட மறந்துபோனது.

பிறகுதான், அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கரையில் ஓர் அரசமரம். இலை அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை. வேண்டுமென்றே அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, எதையோ கேட்பவள் போல நின்றேன். ஓரக்கண்ணால் பார்த்தால், அவர் நோட்டை எடுத்து எழுதுகிறார். குக்குறுவான்!

"மாட்டுனீங்களா! அந்த மரத்துல ஒண்ணுமே கத்தல" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.

"கத்தலையா? நீ தலைய சாச்சியே" என்றார். "மரத்தப் பாத்து சாச்சீன்னா குக்குறுவான். நாணலப் பாத்து சாச்சீன்னா கதிர்க்குருவி. இதுவரைக்கும் தப்புனதில்ல."

அப்போதுதான் உறைத்தது.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"ரெண்டு வருஷமாச்சு. நீ கிட்ட பேசுனா கேக்குது. குருவிங்கதான் கேக்குறதில்ல."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஒண்ணொண்ணா காட்ட ஆரம்பிச்சிருவ. அப்பறம் போட்டி எங்க இருக்குது?"

பேனாவால் குக்குறுவானை அடித்துவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்தார். பறவைகளைப் பார்க்க வந்த இடத்தில் இரண்டு வருடமாக இந்த மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்குக் கண்ணி வைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

வெயில் ஏறியதும் நாணலுக்குள் ஒரு கதிர்க்குருவி நிஜமாகவே கூப்பிட்டது. அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை நிமிர்த்தவில்லை.