லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த ஆங்கிலம்

சேலையூர்ப் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் நாலு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு லிஃப்ட். நான் இருப்பது நாலாவது மாடி. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு சாயங்காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் ட்யூஷன் எடுக்கிறேன். அந்த வாரம் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ், அதாவது செய்வினையும் செயப்பாட்டுவினையும் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பாடத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகள் மேல் இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லும் விதத்தின் மேல். செய்தவரைத் தூக்கிக் கடைசியில் போடு, வினைச்சொல்லை மாற்று, நடுவில் ஒரு 'பை' (by) சேர். பூனை பாலைக் குடித்தது என்பது, பால் பூனையால் குடிக்கப்பட்டது என்று ஆகிவிடும். எந்த வீட்டில் பூனையைப் பற்றி யார் இப்படிப் பேசுகிறார்கள்? மார்க்குக்காக மாற்றுகிறார்கள், பரீட்சை முடிந்ததும் மறக்கிறார்கள். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் 'பை'யை விட்டுவிடலாம் என்று நானும் கடனே என்று சொல்லிவைத்தேன். தெரிந்தே விடுகிறவர்களும் உண்டு என்பதை எங்கள் அசோசியேஷன்தான் எனக்குக் காட்டியது.

திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் கதவில் ஒரு காகிதம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் டெலிவரிக்கு வருகிறவர்களும் லிஃப்டில் அனுமதிக்கப்படுவதில்லை என்று அழகான ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே 'பை ஆர்டர்'. யாருடைய ஆர்டர்? பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. யாருக்காக எழுதினார்களோ அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் வாட்ச்மேனை விட்டு வாயாலும் சொல்லவைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா அகரம்தென்னிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். என்னைவிட வயதில் மூத்தவர், இரண்டு முட்டியிலும் தேய்மானம். அன்று வாசலைத் தாண்டியதும் செருப்புக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா, லிஃப்ட் ஓடலையா?"

"ஓடுது. நாங்க ஏறக்கூடாதாம். கீழ வாட்ச்மேன் சொல்லிகினு கீறாரு. முட்டி வின்னு வின்னுன்னு தெறிக்குதும்மா. இப்டியே இருந்தா நான் நின்னுக்குறேன், வேற ஆளு பாத்துக்கோ."

எனக்குப் பகீர் என்றது. அக்காவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அவர் வராவிட்டால் என் வீடு நாறிவிடும், அதுவும்தான். ஆனால் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து விளக்குமாற்றை எடுத்ததைப் பார்த்தபோது வந்த கோபம் வேறு.

நேராகக் கீழே போனேன். அசோசியேஷன் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, தரைத்தளத்தில் குடியிருக்கிறார். அவருக்கு லிஃப்டே தேவையில்லை.

"முடிவு பண்ணியாச்சு, மேடம்."

"யார் சார் முடிவு பண்ணது?"

"பேசித்தான் மேடம், முடிவு பண்ணியாச்சு."

இரண்டாவது மாடியில் செயலாளரைப் பிடித்தேன். "நெறைய கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, மேடம்" என்றார். யாரிடமிருந்து என்று கேட்டேன். "பொதுவா ஒரு ஃபீலிங் இருக்கு" என்றார். பொதுவாக இருக்கும் அந்த ஃபீலிங் எந்தக் கதவு எண்ணில் குடியிருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 'லிஃப்ட் அடிக்கடி பழுதடைவது கவனிக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு பதில். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நாவலூரில் ஐடி கம்பெனிக்குப் போய்வரும் என் கணவர், "விடேன், இங்கதானே நாம குடியிருக்கணும்" என்றார். அவரிடமும் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அசோசியேஷன் கூட்டம். தண்ணீர் லாரி ஏன் தாமதமாக வருகிறது என்பதிலேயே முக்கால்வாசி நேரம் போய்விட்டது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் தலைவர் "வேற ஏதாச்சும்?" என்று கேட்பார், கேட்கும்போதே எல்லோரும் எழுந்து நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் என் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு எங்க வீட்டு அக்கா வருவாங்க. லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு முடிவு பண்ணவங்க யாராவது ஒருத்தர் கீழ வந்து அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

நாற்காலிகளின் சத்தம் நின்றது. ஒருவர் போனைப் பார்த்தார். தலைவர் மட்டும், "அதெல்லாம் எதுக்கு மேடம், சங்கடம்" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு யாரும் கீழே வரவில்லை. லிஃப்ட் கதவில் காகிதமும் இல்லை, ஒட்டிய டேப்பின் தடம் மட்டும் இருந்தது. கிழித்தது யாரென்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது என்று குழுவில் செய்தி வந்தது. அக்காவை நானே லிஃப்டில் ஏற்றிக் கூட்டிவந்தேன். அன்றைக்கு ட்யூஷனில் எனக்குத் தலைகால் புரியவில்லை, பிள்ளைகளுக்கு முறுக்கு எல்லாம் கொடுத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அக்கா மறுபடியும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உங்களுக்காக ஊரையெல்லாம் பகைத்துக்கொண்டேனே, ஏன் நடக்கிறீர்கள் என்று கத்தியேவிட்டேன்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நான் உள்ள போனா, உள்ள கீறவங்க எறங்கிடுறாங்கம்மா. 'நீ போ, நாங்க அப்பறம் வர்றோம்'னு மரியாதையாத்தான் சொல்றாங்க. தெனம் தெனம் அத்தப் பாத்துகினு எப்டிம்மா நிக்கிறது? அதுக்கு முட்டி வலியே தேவல."

"யாருக்கா எறங்கினது? சொல்லுங்க, நான் கேக்குறேன்."

"யாருன்னு இன்னாத்தம்மா சொல்றது" என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவப் போனார். இதற்கு எந்தக் காகிதத்தைக் கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்திலேயே நின்றேன்.

அந்த மாதத்தோடு அவர் நின்றுவிட்டார். மேல்மாடிகளில் இன்னும் மூன்று வீடுகள் அவரை நம்பி இருந்தன. இரண்டு நாள் பொறுத்துக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார், இவர்களை நம்பவே முடிவதில்லை, வேறு நல்ல ஆள் தெரிந்தால் சொல்லவும். இத்தனை நாள் எதையும் யாரும் செய்ததாக எழுதாத அந்தக் குழுவில், அக்கா மட்டும் தானாகவே எதையோ செய்துவிட்டதாக வந்திருந்தது.

தமிழிலேயே எழுதினேன். 'அவர் போகவில்லை. நாம் போகவைத்தோம்.'

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. லிஃப்ட் இப்போது பழுதில்லாமல் ஓடுகிறது.